அம்மா வந்தாச்சு, அப்பா போகணும்

இங்கே இருங்காட்டுக்கோட்டையில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "இன்னா ஷிப்டு?" என்றுதான் கேட்கிறார்கள். பால் வாங்கப் போனாலும் அதே கேள்வி, முடி வெட்டப் போனாலும் அதே கேள்வி. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். பிறகு நானே அப்படிக் கேட்கிற ஆளாகிவிட்டேன்.

எனக்குக் கார் சீட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை, மனைவி செல்விக்குச் செல்போன் கம்பெனியில். மகள் கயலுக்கு மூன்று வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வர ஆளில்லை. அதனால் சூப்பர்வைசர்களின் கையைக் காலைப் பிடித்து, செல்வி எப்போதும் காலை ஷிப்ட், நான் எப்போதும் மதிய ஷிப்ட் என்று வாங்கிக்கொண்டோம். அவள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைவாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். நான் திரும்பும்போது இருவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் கண் விழிக்கும்போது அவள் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் சம்பளத்துக்கு ஓ.டி. இருக்கும், அதையும் விடுவதில்லை, ஆளுக்கொரு ஷிப்டாகப் போய்விடுவோம். எல்லாம் ஊரில் ஒரு வீடு கட்டத்தான். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று தொடங்கியது, இரண்டாவது வருஷமும் ஓடிக்கொண்டிருந்தது.

மாறும் நேரத்தில் பிள்ளை அழக் கூடாதே என்று நாங்கள் அவளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தோம். செல்வி தலை தெரிந்ததும் "அம்மா வந்தாச்சு, அப்பா டாட்டா" என்று கை தட்ட வேண்டும். என் ஷூவை இழுத்து வந்து வைக்க வேண்டும். ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். ஒரு நாள்கூட அழுததில்லை. ஊரிலிருக்கிற உங்களில் பாதிப் பேருக்கு நானே போன் போட்டு இந்தப் பெருமையைப் பீற்றியிருக்கிறேன். மண்டையில் களிமண்தான் இருந்திருக்கிறது எனக்கு.

வீட்டுக்கார எஸ்தரக்கா ஒருநாள் துணி காயப்போட்டபடியே கேட்டார். "இன்னாப்பா, பொண்டாட்டியாண்ட சண்டையா? ஒருத்தர் வந்தா ஒருத்தர் கெளம்பிக்கினே கீறீங்க." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஏற்பாட்டை விலாவாரியாக விளக்கினேன். கெட்டிக்காரத்தனம் என்று மெச்சுவார் என எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வருஷம் கடுமையான மின்வெட்டு. கரண்ட் இல்லை என்று இரண்டு கம்பெனிக்கும் ஒரே நாளில் லீவு விட்டார்கள். கோழி எடுத்து வந்தேன். செல்வி குழம்பு வைத்தாள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்ட கை காய்வதற்குள் கயல் எழுந்து போய் என் ஷூவைத் தரதரவென்று இழுத்து வந்தாள். இன்றைக்கு அப்பா போகவில்லை என்றேன். அவள் ஐ.டி. கார்டைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டினாள். நான் சிரித்துக்கொண்டே கழற்றினேன். மறுபடியும் மாட்டினாள்.

"அம்மா வந்துச்சுல்ல, நீ போ" என்று என் முட்டியைப் பிடித்துத் தள்ளினாள். நான் அசையவில்லை என்றதும் செல்வி பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீ போறியாம்மா?"

செல்வி கையிலிருந்த தட்டை வைக்க மறந்து நின்றாள். இரண்டு பேரில் ஒருவர்தான் வீட்டில் இருக்க முடியும் என்று பிள்ளை நம்புகிறது. அதை நம்பவைத்ததும் நாங்கள்தான், கை தட்டி, பாட்டாகச் சொல்லிக்கொடுத்து. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற ஜெனரல் ஷிப்ட் கொடுங்கள், ஓ.டி. வேண்டாம் என்றேன். அவர் பதறிப்போய், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை, நல்ல டாக்டராகப் பார்க்கச் சொன்னார். செல்வியும் அவள் கம்பெனியில் கேட்டு வாங்கினாள். பகலில் கயலைத் தன்னிடம் விடும்படி எஸ்தரக்காவே சொன்னார். ஊரிலிருக்கும் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, வீடு கட்டுவது இப்போதைக்கு இல்லை என்றேன். "அப்ப இங்க வரவே மாட்டியாலே?" என்றார்.

புது ஷிப்டின் முதல் நாள், எஸ்தரக்காவிடமிருந்து கயலைக் கூட்டிக்கொண்டு இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். கயல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கை தட்டவில்லை. செல்வி விளக்கேற்றினாள். நம் ஊர்ப் பக்கம் விளக்கு வைத்த நேரத்தில் வாசல் கதவைச் சாத்த மாட்டார்கள், லட்சுமி உள்ளே வரும் நேரம் அது. கயல் போய் இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. முதுகைக் கதவில் சாய்த்து, காலை நீட்டி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

செல்வி பதறித் திறக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.