புகையிலையை விட்ட வருஷம்

எனக்கு ஈறு வீங்கத் தொடங்கியபோது நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற வேலை, பட்டையைக் கீறிப் பால் இறக்குவது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் கப்பலேறும்போதே இருந்தது. பல் வலித்தால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் புகையிலையை அடக்கிக்கொள்வேன். வலி மரத்துப்போகும். காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீரில் ரத்தம் தெரியும். பார்ப்பவர்கள் வெற்றிலைச் சிவப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. லயத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவளுக்கும் என் வயதுதான். மரம் வெட்டுவதும் அடுத்தடுத்த நிரையில். பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சேர்ந்துதான் சோறு தின்போம். நான் தேங்காய்த் துண்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, சோற்றை மெல்லாமல் விழுங்குவதைச் சில நாளாகக் கவனித்திருக்கிறாள். ஒரு லீவு நாள் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

“வாயைத் தொற.”

“ஒண்ணுமில்லடி. வயசானா பல்லு ஆடத்தானே செய்யும்.”

“தொறடி முதல்ல.” பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “வயசு வந்தா வந்துட்டுப் போவட்டும். அதுக்காகப் பல்லை நீயே வழியனுப்பி வெப்பியா?”

கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே மருந்து கொடுக்கிற டிரஸர் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல் ஒன்றைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கிவிட வேண்டும் என்றார். மற்றவை நிற்க வேண்டுமானால் புகையிலையை விட வேண்டும், கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பதை நிறுத்த வேண்டும், சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். கேட்டுக்கொண்டவள் அவள்தான்.

ரெங்கத்தில் ஒரு சீனர் பல் பிடுங்குவார். கடை முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டுப்பல் சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததுமே திரும்பி நடந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“புக்கா முலுட்,” என்றார் சீனர். வாயைத் திறந்தேன்.

“பெலான், பெலான்,” என்று அவரிடம் சொன்னாள் அவள். மெதுவா, மெதுவா. மலாய் எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் அவள் குரலிலேயே காதில் நின்றுவிட்டது. கண்ணை இறுக மூடியிருந்தேன். அவள் புடவையில் ரப்பர் பாலின் புளித்த வாடையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் அடித்தது. பல் வந்தது கூடத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். உயிரே போயிற்று. ஆனால் அவள் கை தளரவே இல்லை.

திரும்பும்போது செம்மண் ரோட்டில் நடந்து வந்தோம். என் வாயில் பஞ்சு. பேச முடியாது. அதனால் வழி முழுக்க அவளே பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாம்பை மிதித்தது, புருஷனோடு முதல் சண்டை, பிறந்து தங்காத பிள்ளை. அதுவரை அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இன்னும் ஏதாவது சொல்லமாட்டாளா என்று இருந்தது. லயம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து புகையிலையை நான் விட வேண்டும். அவள் பல்லில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும், “நான் போட்டுக்கிட்டு ஒன்னைய போடாதன்னு எப்படிச் சொல்றது?” என்று அவளும் விட்டாள். முதல் சில நாள் இருவருக்கும் தலை வலித்தது, காரணமில்லாமல் கோபம் வந்தது. வாய் அரித்தால் சோம்பு மென்றோம். சாயங்காலம் பைப்படியில் உப்புத் தண்ணீரைக் கன்னம் உப்ப வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். யாருக்கு முதலில் சிரிப்பு வருகிறதோ அவள் தோற்றாள். எப்போதும் நான்தான். நல்லெண்ணெயில் உப்பைக் குழைத்து ஈறைத் தடவும்போது, “அழுத்தாத, கொழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்,” என்பாள். மெல்ல மெல்ல ரத்தம் நின்றது. தேங்காயை மறுபடி கடித்தேன்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. பாதி மரங்களை வெட்டாமல் விட்டார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் பேரையும் கூப்பிட்டார்கள். அவள் புருஷன் பேரும் அவள் பேரும் வந்தன. என் பேரும் என் புருஷன் பேரும் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

“வெலை ஏறினா திரும்பக் கூட்டிக்கிட்டு வருவாங்களாம்,” என்றாள். அதை நம்பித்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

லாரியில் ஏறிய பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள். சுற்றிலும் ஆள்கள் அழுதுகொண்டிருந்தார்கள். “நான் இல்லன்னு புகையிலையைத் தொட்ட, அவ்வளவுதான்,” என்றாள். லாரி கிளம்பிவிட்டது.

தொட்டேன். அந்த வாரமே சீனன் மளிகைக் கடையில் வாங்கி வாயில் அடக்கினேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் அது வாயில் கசந்துகொண்டு கிடந்தது. துப்பிவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு தொடவில்லை. பின்னால் இன்னும் இரண்டு பல் போயிற்று, மிச்சம் நின்றது. பல்லெல்லாம் போன என் புருஷனுக்குச் சோற்றைக் குழைய வடித்துவிட்டு, எனக்குத் தனியாகப் பொரிகடலை எடுத்துவைத்துக்கொள்வேன். தின்னும்போதெல்லாம் அவள் நினைப்புத்தான்.

சில வருஷம் கழித்து விலை ஏறியது. ஆள்கள் திரும்ப வந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஒருநாள் முதுகைக் காட்டி இறங்கிய ஒருத்தி அப்படியே அவள் மாதிரி இருந்தாள். கிட்டே போய்த் தோளைத் தொட்டுவிட்டேன். திரும்பினாள். சின்னப் பெண். சிரித்தாள்.

அந்தப் பெண்ணின் மூட்டையில் ஒன்றை நான் தூக்கிக்கொண்டேன். எந்த ஊர் என்று கேட்டேன். என் பக்கத்து வீட்டுக்காரியுடைய ஊர்ப் பக்கம்தான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அவளைத் தெரியவில்லை.

“அந்தப் பக்கம் மழையெல்லாம் உண்டா?” என்று கேட்டேன்.

“இந்த வருஷம் நல்ல மழைதான்க்கா,” என்றாள்.

கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்த வீடு வரைக்கும் கூடவே நடந்தேன்.