கட்டிலான நிலைவாசல்

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்வது என் தொழில். புது மரம் வெட்டாமல் பழைய மரத்தையே பயன்படுத்துவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. திருச்சானூரில் சரளாவின் ஃப்ளாட்டுக்காக, ஏர்பேட்டில் இடித்த ஒரு வீட்டின் தேக்கு நிலைவாசலை வாங்கினேன். அறுக்காமல் அப்படியே கட்டிலின் தலைமாட்டில் பொருத்தினேன். "நிம்மதியான தூக்கம் வரும்" என்று பெருமையடித்தும் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சரளா போன் செய்தாள். "மேடம், நான் தூங்கிக்கினு இருக்கசொல்ல யாரோ கட்டிலுக்கு மஞ்சா பூசிட்டுப் போறாங்க. போன வெள்ளிக்கெழமையும் இப்டித்தான். வீட்ல நான் ஒண்டி ஆளுதான்."

உடனே போய்ப் பார்த்தேன். நிலையின் இரண்டு கால்களிலும் மஞ்சள், மேல் சட்டத்தின் நடுவில் குங்குமம். தொட்டேன். ஈரமாக இருந்தது. அவள் சமையலறையில் மஞ்சள் தூளே இல்லை.

அன்றே தச்சரை வரவழைத்து, நிலையைக் கழற்றி பூஜை அறை வாசலில் நிறுத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே போன் செய்து விசாரித்தேன்.

"இப்ப நானே பூசறேன் மேடம். ஒரு பக்கம் பூசிட்டுத் திரும்பினா, இன்னொரு பக்கம் பூசி இருக்குது."

அவள் குரலில் பயமே இல்லை.

இப்போதும் பழைய மரம்தான் வாங்குகிறேன். ஆனால் அது முன்பு என்ன வேலை பார்த்ததோ, அதே வேலையைத்தான் கொடுக்கிறேன்.