தேரை வளர்க்கிறவள்

இல்லை, சுலோஜனா எந்தத் தேரையையும் ஏவிவிடவில்லை. நாரந்தனையில் ஆர் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். அவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு மழைத்தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தேரை பார்ப்பாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

ஐப்பசி மழை விழுந்தால் அவளுக்குத் தையலில் கை நிற்காது. காய்ந்த பனையோலை நிறம் அந்தத் தேரை. சட்டைத் தெறி தைத்தாற்போல விரல் நுனியெல்லாம் வட்டம். அதனால் சுவரில் ஒட்டி ஏறும். காலை நீட்டினால்தான் தொடையில் மஞ்சள் புள்ளி தெரியும். “உள்பாவாடைக்குப் பூத்துணி வைச்ச மாதிரி, மாமி” என்று என்னிடம் சொல்லுவாள்.

பெட்டை பெரிது, ஆண் சின்னன், முதுகில் தொற்றிக்கொண்டிருக்கும். பெட்டை பின்னங்காலால் மோர் கடைவதுபோல அடித்து நுரையாக்கி, தண்ணீருக்கு மேலே தொட்டிச் சுவரில் ஒட்டி, அதற்குள்ளே முட்டையிடும். சில நாளில் நுரை இளகக் குஞ்சுகள் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீரில் விழும். அதுவரைக்கும் ஆர் வந்தாலும் மற்றப் பக்கத்தால்தான் அள்ளவேண்டும்.

பக்கத்து வீட்டுச் சர்மிதாவின் மகன் மிரோஜன் தேறவில்லை. தேரை விழுந்து மெலிகிற பிள்ளை, சுலோஜனா ஏவிவிட்ட தேரைதான் என்று சனம் கதைத்தது. உள்ளே பருப்பில்லாத தேங்காய்க்கும் தேரையைத்தான் சொன்னார்கள். “பூட்டின சிரட்டைக்குள்ள தேரை எந்தப் படலையால போனது?” என்று சுலோஜனா கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைக்கு நூல் கட்டினார்கள், கிளினிக்கை விட்டுவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை காலை சர்மிதாவின் புருசன் சசிகரன் தேரையைக் கொல்லத் தொட்டியில் கொட்ட உப்புப் பையோடு வந்தான். பின்னால் பிள்ளையோடு சர்மிதா. நல்ல தண்ணி அரிதான இந்தத் தீவிலே அதுக்குள் உப்புக் கொட்டுவானா ஒருத்தன்? நான் ஏசினேன். சுலோஜனா ஏசவில்லை. நாடாவைக் கழற்றிப் பிள்ளையின் நெஞ்சைச் சுற்றினாள்.

“சர்மிதா, இது இவனுக்கு அஞ்சு மாதத்தில நான் தைச்ச சட்டை. இப்ப பதினொண்டு. இன்னும் அளவாய்க் கிடக்கு. தேரை இந்த மழைக்கு வந்தது. இவன் எப்ப துவக்கம் மெலியிறான்?”

சர்மிதா தலை குனிந்தாள். “ஆனியில இருந்து, அக்கா.”

“கிளினிக் கொப்பியை எடும். பஸ் வரப்போகுது.”

சுலோஜனா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நாலடி போயிருப்பாள். திரும்பி வந்து, சசிகரனின் உப்புப் பையை வாங்கிக் கதிரையில் வைத்தாள். வெறுங்கையோடு நின்றவனிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள்.

“வெயில் ஏறுது. நுரை காயாமல் பாத்துக்கொள்ளும்.”