மூன்று லிஃப்டுக்கு ஒரே படம்

அலுவலகத்தில் அவளுக்கு சிஐடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். கணவன் சாப்பிட்டேன் என்றால் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஊரில் ஒருத்தனும் யோக்கியன் இல்லை என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளிடம்தான் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் தன் மெக்கானிக்குகளைக் கண்காணிக்கும் செயலியை எழுதக் கொடுத்தது. ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

மெக்கானிக்குகள் ஒவ்வொரு லிஃப்டையும் பார்த்து முடித்ததும் செயலிக்குள்ளிருந்தே படம் எடுத்து அனுப்ப வேண்டும். பழைய படத்தையே திரும்ப அனுப்பி டிமிக்கி கொடுப்பார்கள் என்று, போனில் ஏற்கெனவே இருக்கும் படங்களுக்குப் போகிற வழியை அவள் அடைத்தாள். கேமராவைத் திறக்கும் நிரலையும் அவளே எழுதினாள். பட்டனை அழுத்தினால் படம் ஒரு தற்காலிகக் கோப்பில் விழும். அங்கிருந்து சர்வருக்குப் போகும். தன் மேஜையில் உட்கார்ந்தபடி நூறு தடவை சோதித்தாள். நூறும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

இரண்டாம் மாதமே ஒருவர் மாட்டினார். இருபது வருட சர்வீஸ் மெக்கானிக். ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் மூன்று லிஃப்டுகள் அவர் பொறுப்பு. மூன்றுக்கும் அவர் அனுப்பியது ஒரே படம். அதே கம்பிக்கயிறு, அதே கறுப்புக் கறை. வந்து சேர்ந்ததும் ஒரே நிமிடத்தில். இப்படி ஒன்பது நாள். அவளுக்கு உள்ளூர குஷிதான். ஆதாரத்தோடு அறிக்கை எழுதி லிஃப்ட் நிறுவனத்தின் மேனேஜருக்கு அனுப்பினாள். ஒரு லிஃப்டை மட்டும் பார்த்துவிட்டு மீதி நேரம் வேறெங்கோ போய்விடுகிறார் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள். அந்த வரியை யாரும் கேட்கவில்லை.

மேனேஜர் மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் தகுந்த பதில் வராவிட்டால் சீட்டு கிழியும். அறிக்கையும் கடிதமும் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போயின. பிரித்துப் படித்தது மனைவி.

மெக்கானிக் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. தன்னோடு ஒருமுறை கீழே வந்து பார்க்கும்படி மட்டும் சிஐடியைக் கேட்டார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவளும் கிளம்பினாள்.

அடித்தளம் முழுக்க எண்ணெய் வாடை. அவர் கைகளை விட்டு அவள் கண்ணை எடுக்கவே இல்லை. முதல் லிஃப்டின் குழிக்குள் இறங்கினார், துடைத்தார், முடுக்கினார், படம் எடுத்தார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஆனது. நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்தது. படத்தை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று அதட்டினாள்.

"கீழ சிக்னல் கிடையாது மேடம். மேல ஏறினா அதுவா போயிடும்."

மேலே ஏறினார்கள். அவள் மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று படங்கள் வந்திருந்தன. மூன்றும் மூன்றாவது லிஃப்ட்.

தன் நிரலைத் திறந்து பார்த்தாள். தற்காலிகக் கோப்புக்கு அவள் வைத்திருந்தது ஒரே பெயர். சிக்னல் இருந்தால் ஒன்று போன பிறகுதான் அடுத்தது வரும். இங்கே சிக்னலுக்காகக் காத்திருந்த முதல் படத்தின் மேல் இரண்டாவது விழுந்து அதை அழித்திருக்கிறது, இரண்டாவதன் மேல் மூன்றாவது. ஊரையே சந்தேகப்பட்டவள் தான் எழுதிய நிரலில் அந்த ஒரு வரியைச் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது.

அங்கேயே நின்று மேனேஜரை அழைத்துத் தப்பு தன்னுடையது என்றாள். மெக்கானிக் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்று பதில் வந்தது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை. மீதி நேரம் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் தினமும் விசாரணையாம். எண்ணைப் போட்டுத் தன் போனை அவளிடம் நீட்டினார்.

"இதையே என் வீட்டுக்காரிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா."

வாங்கிச் சொன்னாள். அவர் எங்கேயும் போகவில்லை, எல்லா நாளும் அந்தக் குழிக்குள்தான் இருந்தார், இதை நிச்சயமாகத் தன்னால் சொல்ல முடியும் என்றாள்.

"நீ யாரும்மா?" என்றது மறுமுனைக் குரல். "அவரு போனு உன் கையில எப்படி வந்துச்சு?"