பாதி விலைக்குக் கிடைச்ச ரூம்

"பாதி விலைக்கு ரூம் புடிச்சேன்"னு எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் யார்கிட்டயாவது பெருமை பேசினா எனக்குப் பத்திக்கிட்டு வரும். வாயைத் திறந்து அதைச் சொல்றதுக்கு எப்படித்தான் மனசு வருதோ!

வீட்டுக்கு இன்டர்நெட் வந்த புதுசு. ஹவுரா ஆத்துக்கு இந்தப் பக்கம், டாக்குரியாவுல மாமியாரோட இருந்தோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்துல எங்க அம்மா என் வீட்டை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அந்த வருஷம் துர்கா பூஜைக்கு அம்மாவும் அப்பாவும் மதுரையிலேர்ந்து வர்றதா முடிவாச்சு. பொண்ணைக் குடுத்த வீட்டுல ராத்தங்க மாட்டேன்னு அப்பா ஒரே பிடிவாதம். அதனால பக்கத்துலயே ஒரு ஓட்டல் வேணும். அம்மாவுக்கு முட்டிவலி, லிஃப்ட் இருக்கணும். நான் கேட்டது அவ்வளவுதான்.

இவருக்கு ஆபீஸ்ல யாரோ ஒரு சைட் சொல்லிக் குடுத்திருந்தாங்க. ரூமுக்கு நாமளே விலை சொல்லலாம். எந்த ஏரியா, எத்தனை ஸ்டார்னு மட்டும் நாம குறிக்கணும். ஓட்டல் பேரைக் காட்ட மாட்டான். நம்ம விலை படிஞ்சா அந்த நிமிஷமே கார்டுல பணம் போயிடும், திரும்பி வராது. படியலைன்னா அதே ஏரியாவுக்கு மறுநாள்தான் கேட்கலாம்.

எங்க வீட்டுக்காரர் கரியாஹாட் நடைபாதைக் கடைகள்ல பேரம் பேசறதுல மன்னன். புடவைக்குப் பாதி விலை கேட்பார், கடைக்காரன் முறைப்பான், இவர் திரும்பிப் பார்க்காம நடப்பார். "ஓ தாதா, ஷுனுன்!" அண்ணே, கேளுங்கன்னு அவன் பின்னாலயே கூப்பிடுவான். அதையே கம்ப்யூட்டர்கிட்டயும் செஞ்சார் மனுஷன்! பாதி விலை போட்டார். முடியாதுன்னு வந்துச்சு. எழுந்து போய் டீ குடிச்சார். "பாரு, இப்ப அவனே கூப்பிடுவான்."

யாருங்க கூப்பிடுவா? அந்தப் பக்கம் ஆளா உக்காந்திருக்கு? தினமும் அதே பாதி விலை, தினமும் அதே முடியாது. அப்புறம் மெயில் வந்திருக்கான்னு திறந்து திறந்து பார்ப்பார். ஊர் முழுக்க பூஜைக்கு ரூம் நிரம்பிக்கிட்டிருக்கு.

இந்த சைட்ல ரூம் எடுத்தவங்க அனுபவத்தை எழுதற இடம் ஒண்ணு இன்டர்நெட்டுலயே இருந்துச்சு. அவர் ஆபீஸ் போனதும் உக்காந்து படிச்சேன். மத்தவங்களுக்கு என்ன விலைக்குப் படிஞ்சுதுன்னு முதல்ல பார்க்கணும். அதுக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ஒரு நாள் காத்திருக்காம உடனே கேட்கணும்னா இன்னொரு ஏரியாவையும் சேர்த்துக்கலாம். ஆனா நாம கேட்கிற ஸ்டார்ல ஓட்டலே இல்லாத ஏரியாவாப் பார்த்துச் சேர்க்கணும், இல்லேன்னா அங்க கொண்டு போய்த் தள்ளிடுவான்.

அவர் சாப்பிடறப்ப இத்தனையும் சொன்னேன். "எனக்கே பேரம் சொல்லித் தர்றியா?"ன்னு சிரிச்சார். மாமியாரும் கூடச் சிரிச்சாங்க.

ஆனா ஏரியா சேர்க்கிற விஷயம் மட்டும் காதுல விழுந்திருக்கு. மறுநாள் ஹவுராவைச் சேர்த்தார். விலையை ஒரு பைசா ஏத்தலை. உடனே படிஞ்சிடுச்சு! கையில சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோட வந்து நின்னார். ஓட்டல் பேரைப் பார்த்துட்டு போன்ல கூப்பிட்டு விசாரிச்சேன். ஆத்துக்கு அந்தப் பக்கம், ஸ்டேஷன் பக்கத்துச் சந்துல மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"அந்தப் பணம் தொலையட்டும், இங்க வேற பாருங்க"ன்னு கத்தினேன். எங்க பக்கத்துல ஒரு ரூம் கூட மிச்சமில்லை.

பூஜைக்கு வந்து இறங்கின அம்மா சுவத்தைப் புடிச்சுக்கிட்டு மாடி ஏறினாங்க. "ஸ்டேஷன் பக்கத்துலயே, சௌகரியம்தான் மாப்பிள்ளை"ன்னார் அப்பா. அந்த மரியாதையைப் பார்க்கவே எனக்குத் தாங்கலை. அன்னிக்கே அம்மாவுக்கு முட்டி வீங்கிடுச்சு. அதுக்கப்புறம் கீழே இறங்கவே முடியலை. பூஜைப் பந்தல் கூட்டத்துல டாக்ஸிக்காரன் எவனும் டாக்குரியாவுக்கு வர மாட்டேங்கிறான். நான்தான் தினமும் கேரியர்ல சோத்தைக் கட்டிக்கிட்டு பஸ்ஸும் ஃபெர்ரியும் மாறிப் போனேன்.

"உன் அடுப்படி ஜன்னல்லேர்ந்து என்னடி தெரியும்?"னு அம்மா கேட்டாங்க.

"ரயில் போறது தெரியும்மா."

"சரி, அடுத்த தடவை வந்து பார்த்துக்கிறேன்."

மதுரைக்குத் திரும்பற அன்னிக்கு ரெண்டு ஆள் நாற்காலியில வெச்சு அம்மாவைக் கீழே இறக்கினாங்க. அப்பவும் இவர் எங்க அப்பாகிட்ட ரூமோட அசல் விலை என்ன தெரியுமான்னு சொல்லிக்கிட்டிருந்தார். அங்கயே ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன், அம்மா கண்ணாலயே வேண்டாம்னாங்க.

அடுத்த தடவை நான் யாரையும் கேட்கலை. டாக்குரியா ஏரிக்குப் பக்கத்துல இருக்கிற ஓட்டலுக்கு நானே போனேன். லிஃப்ட்ல ஏறி இறங்கிப் பார்த்தேன். சொன்ன விலையைப் பேரம் பேசாமக் குடுத்தேன். எத்தனை பேர் தங்கறாங்கன்னு கேட்டாங்க.

இனிமே அப்பா ஒருத்தர் மட்டும்தான்னு சொன்னேன்.