பாட்டுக்காரியைக் கட்டிய பிரபுவும் மொன்றியலில் என் இரண்டு நாளும்

ரொறன்ரோவில் இருந்து எங்கள் ஆட்கள் மொன்றியலுக்குப் போவதென்றால் கோயில் திருவிழாவுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போவார்கள். நான் இந்த 2008 ஒக்டோபர் முதல் வாரத்தில் போனது என்னுடைய சொந்தக் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்ல. போன வருடம் நயாகரா பற்றி எழுதியபோது "அக்கா, செலவைச் சரியாக எழுதவில்லை" என்று குறைப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். இந்த முறை செலவு, தூரம், நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மற்றதையும் எழுதத்தான் போகிறேன். மூடி மறைத்து எழுத எனக்கு வராது.

புதிதாக வந்து படிக்கிறவர்களுக்கு: எனக்கு நாற்பத்து மூன்று வயது. வாரநாட்களில் ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். சனி ஞாயிறுகளில் இசைக்குழு ஒன்றோடு கலியாண மண்டபங்களில் பாடுகிறேன். சாப்பாட்டு வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது மேடையில் மின்னுகிற சேலையோடு ஒருத்தி நின்று பழைய சினிமாப் பாட்டுப் பாடுவாளே, நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வடை எடுப்பீர்களே, அது நான்தான். ஒரு கலியாணம் செய்து, அதிலிருந்து வெளியே வந்து பதினொரு வருடமாகிறது.

நான் சம்மதம் சொல்லப் போன டொக்டர் இருப்பது புரோசார்டில், மொன்றியல் தீவுக்குத் தெற்கே ஆற்றின் மறுபக்கம். இதய வைத்தியர். மனைவி காலமாகி ஐந்து வருடம். மகனும் மகளும் வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் அவருடைய தங்கை வீட்டு விருந்தில் நான் கோப்பை கழுவிக்கொண்டு எதையோ முணுமுணுத்தேன். "ஆர் பாடினது?" என்று கேட்டுக்கொண்டு மனிதர் குசினிக்குள்ளேயே வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாகத் தொலைபேசியில் கதைத்தோம். கதை முடியும்போது "ஒண்டு பாடும்" என்பார். நானும் பாடுவேன். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும்.

அவர் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டார். நிபந்தனை என்று சொல்லவில்லை, "ஒரு சின்ன ஒழுங்கு" என்றார். ஒன்று, பிள்ளைகளின் மனம் ஆறும்வரை கலியாணத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. பதிவு மட்டும்தான், மண்டபமும் இல்லை, சொந்தபந்தமும் இல்லை. இரண்டாவது, நான் மண்டபங்களில் பாடுவதை நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் ஓம் சொல்வதென்று முடிவெடுத்துத்தான் பஸ் ஏறினேன். நல்ல மனிதர், மரியாதையாகக் கேட்கிறார், பாட்டை வீட்டுக்குள்ளும் பாடலாம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனிப் பயணம். ரொறன்ரோ நகர மையத்தில் இருந்து சனி காலை ஏழு மணி பஸ். மொன்றியல் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். கிங்ஸ்டனில் இருபது நிமிடம் நிறுத்துவார்கள். அங்கே விற்கிற கோப்பியை வாங்காதீர்கள், வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோங்கள். வலப்பக்க யன்னல் இருக்கை எடுத்தால் சில இடங்களில் ஏரியும் ஆறும் தெரியும். ஒக்டோபரில் மரங்களைப் பார்ப்பதற்கென்றே போகலாம். ஒன்றரை மணிக்கு மொன்றியல் பஸ் நிலையம். நிலையத்துக்குள்ளாலேயே பெரி மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம், வெளியே குளிரில் நடக்கத் தேவையில்லை. ஒரு பயணச்சீட்டு இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம்.

டொக்டர் பஸ் நிலையத்துக்கு வரவில்லை. "பெரியில எங்கட ஆக்கள் நிப்பினம். நீர் மஞ்சள் கோட்டில ஏறி லொங்கேய்க்கு வாரும், நான் கார் தரிப்பிடத்தில நிக்கிறன்" என்று முதலே சொல்லியிருந்தார். மஞ்சள் கோடு ஆற்றுக்கு அடியால் போகிறது, இரண்டாவது நிறுத்தம் லொங்கேய், அதுவே கடைசி. பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கீழே போகும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்து மூன்று வயதில் கள்ளக் காதலி மாதிரிப் போகிறேனே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

புரோசார்டில் வியட்நாம் சூப்புக் கடையில் சாப்பிட்டோம். ஒரு கிண்ணம் எட்டு டொலர், இரண்டு பேருக்குக் காணும். தமிழர் அதிகம் வராத கடை என்று அவரே சொன்னார். அங்கே வைத்துத்தான் அன்று மாலைக் கச்சேரிக்கு இரண்டு சீட்டு எடுத்திருப்பதாகச் சொன்னார். டொக்டருக்கு ஐரோப்பியப் பழைய இசை என்றால் பைத்தியம்.

"ஜேர்மனியில ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு பெரிய பிரபு," என்றார். "கிட்டத்தட்ட அரசன் மாதிரி. அவன் அரண்மனையில பாடின ஒரு சாதாரண வீட்டுப் பெட்டையை விரும்பிக் கட்டினவன். இண்டைக்கு அவளைப் பற்றின கச்சேரிதான். நோட்டீசைப் பாத்த உடன எனக்கு உம்மடை ஞாபகம்தான் வந்தது."

இப்படி ஒருவர் சொன்னால் உருகாமல் என்ன செய்வது? நான் உருகினேன். சூப் ஆறிப்போனது.

கச்சேரி பழைய மொன்றியலில் ஒரு சின்னக் கல் தேவாலயத்தில், ஏழரைக்கு. சீட்டு முப்பத்திரண்டு டொலர். மூன்று எச்சரிக்கை: கார் நிறுத்த அரை மணித்தியாலமாவது ஒதுக்குங்கள், தெருவெல்லாம் கல் பதித்தது, சேலையும் குதிச்செருப்புமாகப் போகாதீர்கள் (நான் போனேன்), தேவாலயத்தில் உட்காருகிற வாங்கு தனி மரம், சால்வையை மடித்து அடியில் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பின் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தோம். அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தவர் அவர்தான்.

பாட ஒரு பெண், நரம்பு வாத்தியங்களோடு மூன்று பேர். ஒலிவாங்கி கிடையாது. அந்தப் பெண் முதல் வரியை எடுத்தாள். மொழி விளங்கவில்லை. ஆனால் எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே வாங்காமல் சமாளிக்கிறாள் என்பது விளங்கியது. பாட்டுகளுக்கு நடுவே, வயலின் மாதிரியான வாத்தியம் வாசித்த அம்மையார் எழுந்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கதையைச் சொன்னார்.

பிரபுவின் அண்ணன் கைக்குழந்தை ஒன்றை விட்டுவிட்டு இறந்துபோனான். தம்பி அந்தக் குழந்தையைத் தன் பிள்ளையாக எடுத்து, ஆட்சியையும் தானே எடுத்துக்கொண்டான். ஆனால் ஒரு வாக்குக் கொடுத்தான்: தன் தகுதிக்கு ஏற்ற கலியாணம் எதுவும் செய்யமாட்டேன், எனக்குப் பிறகு எல்லாம் அண்ணன் மகனுக்குத்தான். பாட்டுக்காரிக்கும் அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அண்ணன் மகன் வளர்ந்து சம்மதம் கொடுத்த பிறகுதான் அந்த உறவு முறையான கலியாணமாகியது, அதையும் வெளியே சொல்லவில்லை. அப்போதும் அவளுக்கு அவன் பட்டம் இல்லை, அவள் பிள்ளைகளுக்கு அரசு இல்லை. இப்படிப்பட்ட கலியாணத்துக்குப் பின்னாளில் இடக்கைக் கலியாணம் என்றே பெயர் வந்ததாம், மாப்பிள்ளை வலக்கைக்குப் பதில் இடக்கையைக் கொடுப்பானாம்.

எங்கள் வீடுகளில் இடக்கையால் தேத்தண்ணீர் நீட்டினாலே பேச்சு விழும். நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி இசையை ரசித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் வாசலில் நின்றோம். சென்னைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கணினி வேலைக்கு வந்தவர், டொக்டரைக் கண்டு ஓடி வந்தார்.

"டாக்டர்! நீங்க இங்கயா? எங்கப்பா இன்னும் உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருக்காரு. மேடம்...?" என்று என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"ரொறன்ரோவில இருந்து வந்திருக்கிறா," என்றார் டொக்டர் உடனே. "பாட்டுக்காரி. எங்கட சங்க விழாவில பாடுறதைப் பற்றிக் கதைக்க வந்தவ."

"ஓ, சூப்பர். விழா எப்போ மேடம்? நான் கண்டிப்பா வரேன்."

"அது இன்னும் முடிவாகேல்லை தம்பி" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாதியில்தான் மிச்சக் கதை. பிரபு இறந்தான். சம்மதம் கொடுத்த அதே அண்ணன் மகன் பாட்டுக்காரியைப் பிடித்து ஒரு கோட்டையில் அடைத்தான். கலியாணம் நடந்தது வெளியே தெரிந்தால் தன் உரிமைக்கு ஆபத்து என்ற பயம். பல வருடம் உள்ளே இருந்தாள். பிற்பாடு அவளுடைய ஒரு மகனுக்குச் சின்னப் பிரதேசம் ஒன்று கிடைத்து, வம்சம் தழைத்தது. அம்மையார் கடைசியாக ஒன்று சொன்னார்: அவள் எங்கே இருந்தாள், பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் தெரியும். அவள் என்ன பாடினாள் என்பது மட்டும் தெரியாது. இன்று நாங்கள் பாடுவது அந்தக் காலத்துப் பாட்டுகள், அவளுடையவை என்று சொல்ல முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. பாட்டைக் கேட்டுத்தானே அவளை விரும்பினான்? அத்தனை பேர் அரண்மனையில் இருந்தார்களே, ஒருவருக்காவது ஒரு பாட்டின் முதல் வரியைச் சொல்லிவைக்கத் தோன்றவில்லையே. டொக்டரும் நெளிந்தார். நோட்டீசின் முன்பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுச் சீட்டு வாங்கியிருக்கிறார் மனிதர். பரிசோதனை அறிக்கையென்றால் கடைசி எழுத்துவரை வாசிப்பார்.

தங்கியது சென்-டெனி தெருவில் ஒரு சின்ன விடுதி, பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, காலைச் சாப்பாட்டோடு அறுபத்தெட்டு டொலர். துப்புரவு நல்லம், படிகள் அதிகம். என்னை வாசலில் இறக்கிவிட்டு டொக்டர் போய்விட்டார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பக்கத்துக் கோப்பிக் கடைக்கு வந்தார். யன்னலோர மேசை காலியாக இருந்தது. அவர் உள்ளே மூலை மேசைக்குப் போனார்.

"ராத்திரி ஒண்டும் கதைக்கேல்லை நீர்," என்றார். "கதை அப்பிடிப் போகுமெண்டு எனக்குத் தெரியாது."

"அது தெரியும். டொக்டர், நான் கலியாண ஹோலில பாடி நீங்கள் ஒருநாளாவது கேட்டிருக்கிறீங்களோ?"

"இல்லை. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. நீர் எனக்கெண்டு பாடுறது எனக்குக் காணும்."

"எனக்குக் காணாது."

அவர் கோப்பியைக் கலக்கினார். சீனி போடாத கோப்பி. "நான் என்ன உம்மைக் கோட்டையில பூட்டவோ போறன்? நான் அப்பிடிப்பட்ட ஆளோ?"

"நீங்கள் நல்ல ஆள். அந்தப் பிரபுவும் நல்ல ஆள்தான். பூட்டினது அவன்ரை அண்ணன்ரை மகன். ஆனா அதுக்கு முதலே அவளின்ரை பாட்டு எங்கை போச்சு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாக, "பிள்ளையளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார். அவருடைய கண் கலங்கியது. மனைவி இருந்த வீட்டில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் அவர்தான், நான் இல்லை. அந்தக் கஷ்டம் எனக்கு விளங்காமல் இல்லை.

"பாட்டுக்காரி ஒருத்தியைக் கட்டப்போறன் எண்டு சொல்லுங்கோ. அவைக்குக் கோபம் வரட்டும், என்னோடை சண்டை பிடிக்கட்டும். நேற்று அந்தத் தம்பியிட்டை என்னை விழாவுக்கு வந்தவ எண்டனீங்கள். நிண்ட இடத்தில பரவாயில்லை எண்டுதான் நினைச்சன். ராத்திரி படுத்தால் நித்திரை வரேல்லை."

நான் தொடர்ந்தேன்: "இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை லவாலில ஒரு கலியாணம், எங்கட குழுதான் பாடுது. உங்களைத் தெரிஞ்ச ஆக்கள் அரைவாசிப் பேர் அங்கை இருப்பினம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கேளுங்கோ. கேட்டுப்போட்டுப் பேந்து என்னைக் கட்டக் கேளுங்கோ."

"அவை வராட்டில்?"

"நீங்கள் வாங்கோ."

பஸ் நிலையம் வரை பெட்டியை அவர்தான் இழுத்து வந்தார். பட்டப்பகலில், பெரி மெட்ரோ வாசலால். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். கைகாட்டிவிட்டு நின்றார். நான் கிங்ஸ்டன் வரை அழுதேன். பக்கத்து இருக்கையில் இருந்த சீக்கிய ஐயா ஒன்றும் கேட்காமல் தோடம்பழம் உரித்துத் தந்தார். கிங்ஸ்டனில் இறங்கி எங்கள் குழுத் தலைவர் அண்ணையை அழைத்தேன். மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் நடக்கிற அந்த நிகழ்ச்சிக்கு வேறு பாடகியைப் பார்க்கும்படி போன கிழமைதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"அண்ணை, ஆள் பாத்திட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. ஏன்?"

"நான் வாறன்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. போகவும் வரவும் சேர்த்துப் பயணச்சீட்டு எடுங்கள், மலிவு. போக மட்டும் எடுத்தால், அங்கேயே தங்கிவிடும்படி சொல்வார்கள் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது, திரும்புகிற சீட்டுக்குத் தனியாகத் தொண்ணூறு டொலர் கொடுத்தேன். கடைகளில் முதலில் "பொன்ஜூர்" சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில் கதைத்தாலும் சிரித்த முகத்தோடு தருவார்கள். கையுறை கட்டாயம். பழைய இசைக் கச்சேரி கிடைத்தால் தவறவிடாதீர்கள், ஆனால் நோட்டீசின் இரண்டு பக்கத்தையும் வாசியுங்கள். அந்தக் கதையை எனக்குக் காட்டியதற்கு டொக்டருக்கு நான் நன்றியுள்ளவள்.

லவாலுக்கு மெட்ரோ போன வருடம் வந்துவிட்டது. செம்மஞ்சள் கோட்டில் கடைசி வரை போய், அங்கிருந்து மண்டபத்துக்கு வாடகைக்கார் பத்து டொலருக்குள். அவர் வருவாரா என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. வரவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் மண்டபக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமிருக்காது. முதல் பாட்டே மேல் சுருதியில் எடுக்கவேண்டிய பாட்டு, அதை நான் கண்ணை மூடித்தான் பாடுவேன்.