காற்றைத் தூற்றியவள்

விருந்தினர் விடுதியில் துணி துவைக்கிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஊருக்கு அவள் கிளிப்பக்கா. சட்டைக்கை நெடுகத் துணிக் கிளிப்புகளைக் குத்திக்கொண்டுதான் திரிவாள். மற்ற ஊர்களில் ஒரு படுக்கைவிரிப்புக்கு இரண்டு கிளிப் போதும். இங்கே ஆறு வேண்டும். அப்படியும் அவ்வப்போது ஒரு தலையணை உறை பேருந்து நிலையத்தில் போய் இறங்கிவிடும்.

எங்கள் ஊர்க் காற்று அப்படி. அதைத் திட்டாமல் நாங்கள் வாய் கொப்பளிப்பதுகூட இல்லை.

அவளுக்கு அதன்மேல் தனிக் கோபம். கணவன் எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். போனுக்கு சிக்னல் கிடைப்பது விடுதி மொட்டைமாடியில் மட்டும். அங்கே நின்று ஆசையாக ஏதாவது சொல்வாள். "என்னது? காத்து சத்தம்தான் கேக்குது" என்பான். அவள் பேச்சில் பாதி காற்றோடு போய்விடும். பிறகு விரிப்புகளின் நடுவே உட்கார்ந்து கனவு காண்பாள். வெள்ளைச் சுவர்கள் அசைகிற ஒரு வீடு. அவன் அறை அறையாக நுழைந்து அவளைத் தேடுகிறான். அடுத்த விரிப்பை விலக்கினால் வந்துவிடுவான்.

ஒருநாள், ஊருக்குத் தொழில் கொண்டுவரப் பார்க்கிற முதலீட்டு அலுவலக அதிகாரி கடைத்தெருவில் எல்லாரையும் கூட்டினார்.

"பெரிய கம்பெனி ஒண்ணு இடம் பாக்க வருது. என்ன கம்பெனின்னு கேக்காதீங்க, பக்கத்து ஊர்க்காரன் கொத்திட்டுப் போயிடுவான். யார் கேட்டாலும் ஊரைப் பத்திக் குறை மட்டும் சொல்லிடாதீங்க."

ரகசியம் காத்தார், பாவம். ஊருக்கு வெளியே ஒரு வருடமாகக் காற்றை அளந்துகொண்டு நின்ற கம்பத்தை நாங்கள் போன் டவர் என்று நினைத்திருந்தோம். சிக்னல் வராததற்கு அதையும் திட்டினோம்.

கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்த அன்று பார்த்து ஓர் இலை அசையவில்லை. அவர் கடை கடையாக ஏறி விசாரித்தார்.

"காத்தா? இங்கயா? சீவின தலை சாயங்காலம் வரைக்கும் கலையாதுங்க" என்றார் முடிதிருத்துகிறவர்.

"ஒரு தீக்குச்சி போதும், அணையவே அணையாது" என்றார் டீக்கடைக்காரர்.

சோர்ந்துபோய் விடுதி மாடிக்கு வந்த அந்த அம்மா, கிளிப்பக்காவின் சட்டைக்கையைக் காட்டினார். "எதுக்கு இவ்வளவு கிளிப்?"

"சும்மா, அழகுக்குங்கம்மா."

அவர் பெருமூச்சு விட்டார். "கம்பத்துல காத்து நிறையன்னு காட்டுது. ஊரே இல்லைங்குது. கருவிதான் கெட்டிருக்கும்போல. காத்தாலை வைக்கலாம்னு வந்தோம், திரும்ப வேண்டியதுதான்."

"காத்தாலையா? அதை நட்டு நிறுத்த கிரேன் வேணுமாம்மா?"

"கிரேன் இல்லாமலா? ஓட்டத்தான் நல்ல ஆள் கிடைக்கிறதில்ல."

அசையாத விரிப்புகளுக்கு அப்பால் அவள் கண்டாள். வெள்ளை இறக்கை ஒன்று மெல்ல வானத்துக்கு ஏறுகிறது. அதைத் தூக்குகிறவன் இந்த மாடியைப் பார்த்துக் கையசைக்கிறான்.

"பொய் சொல்லிட்டேம்மா! பாழாப்போன காத்தும்மா இது. ஆறு கிளிப்பையும் பிடுங்கிட்டுப் போகும். கதவை உடைக்கும். சோத்துல மண்ணை அள்ளிப் போடும். தூரத்துல கிரேன் ஓட்டுற எம் புருஷங்கிட்ட ஆசையா நாலு வார்த்தை பேச விடாதும்மா. 'வந்துடுங்க, தனியா இருக்க முடியல'ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒண்ணுகூட அவருக்குப் போய்ச் சேரல."

சிரித்துக்கொண்டிருந்த அம்மா சிரிப்பை நிறுத்தினார்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். எங்கள் கிளிப்பக்கா காற்றில்லாதபோது தூற்றினாள். அந்த அம்மா கீழே இறங்கி மறுபடி விசாரிக்க, அதிகாரியும் தலையாட்ட, தெருவே வாயைத் திறந்தது. அத்தனை வருட வசவும் கொட்டித் தீர்ந்தது. முடிதிருத்துகிறவர், பறந்துபோன தன் கடைப் பலகைக்காகக் கண்ணீரே விட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து அதிகாரி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கம்பெனி வருகிறதாம். கிரேனுக்கு ஆள் எடுக்கிறார்களாம், அவள் கணவனையும் கேட்டிருக்கிறார்களாம். காற்று அன்று பேயாட்டம் ஆடியது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"என்னது? ஒண்ணும் புரியல. காத்து சத்தம்தான் கேக்குது."

"அதைத்தாங்க சொல்றேன்," என்று அழுதுகொண்டே சிரித்தாள். "நல்லாக் கேளுங்க."